வீட்டுக்குள் திருடன் வந்தால் வெட்டலாமா? எங்கள் தாமானில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பின்னால் செம்பனைத் தோட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் இருட்டு. தீபாவளிக்கு முன்னால் வரிசையாகச் சில வீடுகள் உடைபட்டதிலிருந்து, கோயிலில் உட்கார்ந்தாலும் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரே பேச்சுதான். பேச்சு முடியும்போது எல்லார் முகமும் என் பக்கம் திரும்பும். காரணம், நான் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வக்கீல் இல்லை. கூண்டில் நிற்கிறவன் பக்கத்தில் நின்று, அவன் சொன்னதை மலாயில் சொல்லி, நீதிபதி சொன்னதைத் தமிழில் சொன்னவன். சொன்னதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். உங்களுக்கு நிஜமாகவே கேஸ் என்று வந்தால் வக்கீலிடம் போங்கள்.

ஐயா, வீட்டுக்குள்ள புகுந்தவன அடிச்சுக் கொன்னா கேஸே கெடையாதாமே?

கேஸ் உண்டு. ஓர் உயிர் போனால் போலீஸ் விசாரித்தே ஆக வேண்டும். செத்தவன் திருடனா, பால் விற்க வந்தவனா என்று பிணத்தைப் பார்த்தால் தெரியாது. விசாரணை பெரும்பாலும் 302ஆவது பிரிவில், அதாவது கொலை என்றுதான் தொடங்கும். முன்பு அதற்குத் தூக்கு ஒன்றே தண்டனை. 2023 ஜூலை 4 முதல் கட்டாயத் தூக்கு நீங்கிவிட்டது. இப்போது தூக்கு, இல்லாவிட்டால் 30 முதல் 40 ஆண்டு சிறையும் 12க்குக் குறையாத பிரம்படியும்.

ஆனால் நம் குற்றவியல் சட்டத்தில் 96 முதல் 106 வரை தற்காப்பு உரிமைக்கென்றே பிரிவுகள் இருக்கின்றன. அந்த உரிமைக்குள் நின்று செய்தது குற்றமே இல்லை என்கிறது 96. ஆகவே ‘கேஸ் கிடையாது’ என்பது தப்பு. ‘கேஸிலிருந்து வெளியே வர வழி உண்டு’ என்பது சரி. இரண்டுக்கும் நடுவில் லாக்கப், வக்கீல் செலவு, அடகுக்குப் போன நகை எல்லாம் இருக்கின்றன.

அப்ப எந்தெந்த நேரத்துல உயிர் போனாலும் தப்பில்லைனு சட்டம் சொல்லுது?

உடம்பைக் காப்பதற்கு 100ஆவது பிரிவு. செத்துவிடுவோம், அல்லது கை கால் போகிற அளவுக்குக் காயப்படுவோம் என்று நியாயமாகப் பயப்பட வைக்கும் தாக்குதல், பாலியல் வன்கொடுமை, ஆள் கடத்தல், உதவிக்கு யாரையும் கூப்பிட முடியாதபடி அடைத்து வைப்பது. இவற்றைத் தடுக்கும்போது எதிராளியின் உயிர் போனாலும் உரிமை அதுவரை நீள்கிறது.

சொத்தைக் காப்பதற்கு 103. அதில் கொள்ளை, இரவில் வீடு உடைத்தல், ஆள் குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் வருகின்றன. நான்காவதாக, உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து வரும் என்று நியாயமாக அஞ்ச வைக்கும் சூழ்நிலையில் நடக்கும் திருட்டும் அத்துமீறலும். வெறும் திருட்டு இதில் இல்லை. வாசலில் கிடந்த காஸ் தோம்பை, அதாவது சிலிண்டரை, தூக்கிக்கொண்டு போகிறவனை வெட்ட எந்தப் பிரிவும் உங்களுக்கு இடம் தரவில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. நம் சட்டம் 1860இல் இந்தியாவில் வந்த சட்டத்தின் வார்ப்பு, மெக்காலே போட்ட அடித்தளம். பிரிவு எண்கள்கூட ஒன்றாகவே இருந்தன. இந்தியா 2024 ஜூலை 1இல் அதை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே தற்காப்பு இப்போது 34 முதல் 44 வரை. யூடியூபில் சென்னை வக்கீல் சொல்லும் எண்ணை இங்கே பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், போய் ஒப்பித்தால் சிரிப்பார்கள்.

அமெரிக்காவுல வீட்டு வாசல மிதிச்சாலே சுட்டுத் தள்ளுறானுங்களே, நமக்கு மட்டும் ஏன் இத்தன ரூல்ஸ்?

வாட்ஸ்அப்பில் வரும் அந்தக் காணொளிகளை நானும் பார்த்தேன். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ‘வீடு என்பது கோட்டை’ என்று 1604இல் இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்றில் வந்த பேச்சை அவர்கள் வெகுதூரம் இழுத்துக்கொண்டு போனார்கள். புளோரிடா 2005இல் சட்டத்தை இன்னும் அகலமாக்கியது. டெக்சஸில் இரவுத் திருட்டைத் தடுக்கவும் சில நிபந்தனைகளோடு உயிர்போகும் பலத்தைப் பயன்படுத்த இடம் இருக்கிறது.

அந்தப் பேச்சு பிறந்த இங்கிலாந்திலேயே கதை வேறு. 1999இல் நோர்ஃபோக் வட்டாரத்தில் டோனி மார்ட்டின் என்ற விவசாயி, இரவில் வீட்டுக்குள் வந்த இருவரைச் சுட்டார். பதினாறு வயதுப் பையன் செத்துப்போனான். கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மேல்முறையீட்டில் 2001இல் அது கொலையாகாத மரணமாகக் குறைந்தது. உள்ளே போனது போனதுதான்.

103ல ‘ராத்திரி வீடு உடைச்சா’னு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்புறம் என்ன யோசன?

இந்த ஒரு வரியைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறவர்கள்தான் எனக்குப் பயம். 103க்கு முன்னால் 99 நிற்கிறது. காவல் துறையின் உதவியைத் தேட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை என்கிறது அது. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் ஒரு துளி கேடும் செய்யக்கூடாது என்றும் சொல்கிறது. 103இன் முதல் வரியே ‘99இல் சொன்ன கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு’ என்றுதான் தொடங்குகிறது.

எனவே கோர்ட்டில் கேட்கப்போவது ‘இரவா, பகலா’ என்பதோடு நிற்காது. அவன் எங்கே நின்றான், கையில் என்ன, நீங்கள் எங்கே நின்றீர்கள், குழந்தைகள் எந்த அறையில், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு 999க்கு அழைக்க முடிந்ததா, எத்தனை வெட்டு, எந்தப் பக்கம் வெட்டு. கடைசிக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், டாக்டர் வந்து சொல்வார். முன்பக்கம் ஒரு வெட்டு என்றால் ஒரு கதை. முதுகில் ஐந்து என்றால் வேறு கதை.

நல்லெண்ணத்தோடுதான் தற்காத்தேன், கை கொஞ்சம் மீறிவிட்டது என்ற நிலைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. முன்திட்டம் இல்லாமல் எல்லை மீறியிருந்தால் 302 விலகி 304 வரும். அதற்கு, மனத்தில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்து, 10 ஆண்டு வரை அல்லது 30 ஆண்டு வரை சிறை. தூக்கிலிருந்து தப்பிக்கலாம். பிள்ளைகள் வளர்வதைப் பார்க்க முடியாது.

ஓடுறவன துரத்திப் போய் வெட்டினா? நம்ம நகை அவன் கையிலதானே இருக்கு!

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான்.

துரத்தலாம். பொருளைப் பிடுங்கலாம். திருடன் பொருளோடு தப்பிப் போய்ச் சேரும்வரை, அல்லது பொருள் திரும்பக் கிடைக்கும்வரை, சொத்தைக் காக்கும் உரிமை தொடர்கிறது என்கிறது 105. தடுக்கி விழ வைத்து, கையை முறுக்கிப் பையைப் பறித்தால் அந்த அளவு பலத்தைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ‘இரவில் வீடு உடைத்தல்’ என்ற பெரிய குடை, அவன் வீட்டுக்குள் இருக்கும்வரைதான். வேலியைத் தாண்டி செம்பனைக்குள் ஓடியவன் வெறும் திருடன். அவனைக் கொல்லும் உரிமை வேலியோடு நின்றுவிட்டது. ஓடியவன் திரும்பி நின்று கத்தியை ஓங்கினால் அது புதுக் கணக்கு, 100ஆவது பிரிவின் கணக்கு.

கோர்ட்டில் ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறேன், ஆள் யார், ஊர் எது என்பது வேண்டாம். கூண்டில் நின்றவர் நல்ல மனிதர், முகத்திலேயே தெரியும். ‘ஏன் பின்னால் ஓடினீர்கள்?’ என்ற கேள்விக்கு, ‘ஆத்திரம் தாங்க முடியலைங்க’ என்றார். நான் ‘மாரா’ என்று மொழிபெயர்த்தேன். வேறு சொல் எனக்கு இல்லை. அவருடைய வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். பயந்தேன் என்றிருந்தால் ‘தாக்குட்’. பயத்துக்கு 100, 102, 103 என்று பிரிவுகள் இருக்கின்றன. ஓடுகிறவன் பின்னால் போன ஆத்திரத்துக்கு அங்கே பிரிவு இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம்.

பகல்ல வந்தா?

103இன் இரவுக் குடை இல்லை. உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து என்ற நியாயமான பயம் இருந்ததா என்பது மட்டும்தான் கேள்வி. மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான்.

இருட்டுல அவன் கையில இருந்தது கத்தினு நெனச்சேன். பொறவு பாத்தா டார்ச் லைட். இப்ப நான் கொலைகாரனா?

அப்படி இல்லை. சட்டம் ‘நியாயமான அச்சம்’ என்றுதான் சொல்கிறது. அச்சம் உண்மையாகத்தான் முடிய வேண்டும் என்று சொல்லவில்லை. 102ஆவது பிரிவின்படி, ஆபத்து வரும் என்று நியாயமாக அஞ்சும் அந்தக் கணத்திலேயே உரிமை தொடங்குகிறது. முதல் வெட்டு உங்கள் மேல் விழும்வரை காத்திருக்க வேண்டாம். அச்சம் தீர்ந்ததும் உரிமையும் தீர்கிறது. டார்ச் லைட் கீழே விழுந்து உருண்ட பிறகு போட்ட இரண்டாவது வெட்டுக்கு அந்த வாதம் உதவாது.

பாராங்கக் கட்டிலுக்குக் கீழ வச்சிக்கலாமா? துப்பாக்கி வாங்கலாமா?

தோட்டத்துக்காரன் வீட்டில் பாராங் கத்தி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். புல் வெட்ட, தேங்காய் உரிக்க வைத்திருப்பதில் தவறில்லை. அதே பாராங்கை மோட்டார் சீட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு ராத்திரி டவுனுக்குப் போனால், ஆபத்தான ஆயுதங்களைப் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரும். ‘சும்மா பாதுகாப்புக்கு’ என்பது அங்கே எடுபடாது.

துப்பாக்கிக்கு 1960 சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். திருடனை நினைத்து வாங்கிய துப்பாக்கியே உங்களைத் திருடனுக்கு முன்னால் உள்ளே அனுப்பிவிடும்.

வேலியில கரண்டு விட்டுட்டா நாம தூங்கலாமே?

வேண்டவே வேண்டாம். காட்டுப்பன்றிக்கு இழுத்த கம்பியில் மனிதர்கள் செத்த செய்தியைப் படித்திருப்பீர்கள். வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் இணைப்பதே குற்றம். அதோடு, தற்காப்பு என்பது அந்த நேரத்தில் எதிரில் நிற்கிறவனைப் பார்த்து, எவ்வளவு தேவையோ அவ்வளவு செய்வது. கம்பிக்குக் கண் இல்லை. பந்து எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பையன், மாடு தேடி வந்த பாட்டி, மீட்டர் படிக்க வந்தவர், எல்லாரும் அதற்கு ஒன்றுதான்.

புடிச்சு மரத்துல கட்டி, நாலு தட்டு தட்டினாத்தானே அடுத்தவன் வரமாட்டான்?

பிடிக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. கண் முன்னால் இப்படிப்பட்ட பெரிய குற்றம் செய்கிறவனைத் தனி ஆள் கைது செய்யலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு. தாமதிக்காமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஓடாமல் இருக்கக் கட்டலாம். அடிக்கக் கூடாது. கட்டிப்போட்டவனால் உங்களுக்கு என்ன ஆபத்து?

அதைவிட மோசம், ‘சங்கிலி எங்கடா?’ என்று கேட்டுக் கேட்டு அடிப்பது. திருட்டுப் பொருளைத் திருப்பித் தரச் சொல்லியோ, உண்மையைச் சொல்லச் சொல்லியோ அடித்துக் காயப்படுத்துவது 330இன் கீழ் தனிக் குற்றம், 7 ஆண்டு வரை சிறை. இது பலருக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்று, ஐந்து பேர் சேர்ந்துவிட்டால் சட்டவிரோதக் கூட்டம் என்ற கணக்கு வந்துவிடுகிறது. அடித்தது ஒருவன் என்றாலும் அந்த நோக்கத்தோடு கூட நின்ற மற்றவர்கள் தலையிலும் 149 ஏறும். கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் போடுகிறவன் போலீசுக்கு வேலையை மிச்சம் பண்ணுகிறான்.

பக்கத்து வீட்டு ஆச்சி தனியா இருக்காங்க. அங்க கூச்சல் கேட்டா நான் போலாமா? இல்ல என் வீடு இல்லைனு கேஸ் போடுவாங்களா?

போங்கள். 97ஆவது பிரிவு உங்கள் உடம்பையும் சொத்தையும் மட்டுமல்ல, மற்றவருடையதையும் காக்கும் உரிமையைத் தருகிறது. ஆச்சிக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உங்களுக்கும். போகும்போது விளக்கைப் போட்டு, ஆளைக் கூப்பிட்டு, சத்தம் போட்டுக்கொண்டே போங்கள். தாமானில் ருக்குன் தெதாங்கா (அக்கம்பக்கத்தார் காவல் குழு) இருந்தால் ரோந்துக்காரர்களின் நம்பரை ஆச்சியின் போனிலும் ஏற்றி வையுங்கள்.

வீட்டுக்காரர் நைட் ஷிப்டு. நானும் மாமியாரும் பிள்ளைங்களும்தான். நாங்க என்ன செய்யணும்ங்கய்யா?

முதலில் உள் அறைக் கதவு. எல்லாரும் ஒரே அறைக்குள், உள்ளிருந்து தாழ், 999. அவன் டிவியைத் தூக்கிக்கொண்டு போனால் போகட்டும். அந்தக் கதவையும் உடைத்துக்கொண்டு வந்தால் நிலைமை மாறிவிட்டது. பாலியல் வன்கொடுமை நடக்கும், உயிர் போகும் என்ற பயம் வந்தால் 100ஆவது பிரிவு முழுதாக உங்கள் பக்கம் நிற்கிறது. அப்போது கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம். அறைக்குள் ஒதுங்கியதும் போன் பண்ணியதும் பயந்து போனதற்குச் சாட்சியாக நிற்கும்.

வந்தது திருடன் இல்ல, என் அக்கா மகன்தான். தண்ணியப் போட்டுட்டு ராத்திரி கதவ உடைச்சிட்டான். இதுக்கும் அதே சட்டமா?

அதே சட்டம்தான். போதையில் இருந்தாலும், மனநிலை சரியில்லாதவராக இருந்தாலும், அவரிடமிருந்து உங்களைக் காத்துக்கொள்ள முழு உரிமை உண்டு என்கிறது 98. அவர் செய்வது அவருக்குக் குற்றமாகாமல் போகலாம், உங்கள் உரிமை குறையாது.

ஆனால் 99இன் ‘தேவையான அளவு’ இங்கே இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அவனை உங்களுக்குத் தெரியும். நிற்கவே முடியாமல் தள்ளாடுகிறான் என்பதும் தெரியும். ‘யாரோ கொலைகாரன் என்று நினைத்தேன்’ என்று சொல்ல முடியாது. போன மாதம் நிலத் தகராறில் அவனோடு வாய்ச்சண்டை போட்டிருந்தால், அதையும் யாராவது வந்து கோர்ட்டில் சொல்வார்கள்.

எல்லாம் சரி. போலீஸ் வந்ததும் என்னத்தானே முதல்ல தூக்குவாங்க?

பெரும்பாலும் ஆமாம், மனத்தைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குமேல் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். கொலை விசாரணை என்றால் முதலில் ஏழு நாள் வரை, பிறகு இன்னொரு ஏழு நாள் வரை தடுப்புக் காவல் கேட்கலாம். என்ன காரணத்துக்காகக் கைது என்று தெரிந்துகொள்ளவும், வக்கீலுக்கும் வீட்டாருக்கும் தகவல் சொல்லவும் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ உரிமை தருகிறது. வக்கீல் வைக்க வசதி இல்லாத குடிமக்களுக்குக் கைது, தடுப்புக் காவல் கட்டத்தில் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. ஓய்பிஜிகே என்று கேளுங்கள்.

இடத்தைக் கழுவாதீர்கள். பாராங்கைத் துடைத்து வைக்காதீர்கள். செத்தவன் கையில் கத்தியைத் திணிக்கும் சினிமா வேலை வேண்டாம், சுத்தமான கேஸையும் அது கெடுத்துவிடும். நீங்களே முதலில் போன் பண்ணுங்கள், காயம்பட்டவனுக்கு ஆம்புலன்ஸ் கேளுங்கள். கேமரா பதிவு இருந்தால் அழிக்காமல் கொடுங்கள், அது இரண்டு பக்கமும் வெட்டும்.

தற்காப்பு என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 105. சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்வது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கோர்ட் நம்பினால் போதும். அதனால்தான் வாக்குமூலம் கொடுக்கும்முன் வக்கீலைப் பார்க்கச் சொல்கிறேன். குழப்பத்தில் வாயில் வந்த ஒரு சொல், இரண்டு வருஷம் கழித்துக் கோர்ட்டில் எழுந்து நிற்கும்.

ஐயா, இவ்வளவு பேசுறீங்களே. உங்க வீட்டுக்கு வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?

வந்தான். சில வருஷம் ஆகிறது. மழை பெய்து ஓய்ந்த இரவு, இரண்டு மணி இருக்கும். குசினிப் பக்கம் கண்ணாடி உரசும் சத்தம். விளக்குப் போடாமல் போனேன், கையில் பாராங். நாக்கோ சன்னலில் இருந்து கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான். அப்போது அந்தச் சன்னலுக்குக் கிரில் இல்லை. அடுத்த துண்டுக்காக ஒரு கை முழங்கை வரை உள்ளே வந்தது. ஒல்லியான கை, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. எட்டிப் போட்டால் விழுந்திருக்கும்.

நான் அப்போது பயந்தேனா, ஆத்திரப்பட்டேனா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. இத்தனை பேருக்கு அந்த இரண்டு சொல்லையும் மொழிபெயர்த்தவன் நான். பாராங்கைக் கீழே வைத்துவிட்டுக் குவாலிச் சட்டியை எடுத்துச் சுவரில் அடித்தேன். பின்னால் என் மனைவி போட்ட சத்தத்தில்தான் தெரு முழித்தது. அவன் ஓடிவிட்டான். விளக்கைப் போட்டுப் பார்த்தால், உருவிய நாலு கண்ணாடியையும் ஒன்றுகூட உடையாமல் சுவரோரம் சாய்த்து அடுக்கி வைத்திருந்தான். ‘இவ்வளவு பக்குவமா நீங்ககூட கழட்ட மாட்டீங்க’ என்றாள் மனைவி.

மறுநாள் பாலாயில் ரிப்போர்ட் எழுதிய இளம் போலீஸ்காரர், என்ன காணாமல் போனது என்று கேட்டார். ஒன்றும் போகவில்லை, ஒற்றைச் சப்பாத்து ஒன்று கூடுதலாக இருக்கிறது என்றேன். கொண்டுபோயிருந்த பிளாஸ்டிக் பையைத் திறந்து பார்த்தார், சிரிக்கவில்லை, அதற்கும் ஒரு வரி தட்டினார்.